அத்தியாயம் 6: ஆம்புலன்ஸுக்கு முன் ஒரு அழைப்பு

பெருந்தொற்றுக் காலத்தில் வட்ட அரசு மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவருக்கு மருந்து பெரிய குழப்பமாக இருப்பதில்லை. கொடுக்க வேண்டிய மருந்துகள் நாலைந்துதான், அவையும் அரசு வழிகாட்டுதலில் அச்சாகி வந்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு கேள்வி: இவரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, ரெஃபர் எழுதி அனுப்பிவிடுவதா?

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில், ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருந்த நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதை மாநிலமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வரிசையில், கிளம்பிய இடத்திலேயே இருந்து தேறியிருக்கக் கூடியவர்களும் இருந்திருப்பார்கள், ஒரு நாள் முன்பே கிளம்பியிருக்க வேண்டியவர்களும் இருந்திருப்பார்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பு இந்த இரு வகையினரையும் பிரித்துச் சொல்லத்தான் தொலைமருத்துவம் வேண்டும் என்பது என் கருத்து. மற்றப் பயன்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வீட்டிலிருக்கும் நோயாளி கைபேசியில் மருத்துவரிடம் பேசும் இ-சஞ்சீவனி ஓ.பி.டி., 2020 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் அதைப் பெருமளவு பயன்படுத்தினார்கள். இந்த அத்தியாயம் அதைப் பற்றியதல்ல. இங்கே பேசுவது இரண்டு பக்கமும் மருத்துவர்கள் இருக்கும் அழைப்பு. ஒரு பக்கம் வட்ட மருத்துவமனை, மறுபக்கம் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ. இனி முன்னதைக் கிளை என்றும் பின்னதை மையம் என்றும் சொல்கிறேன்.

கூடலூரிலிருந்து ஒரு கணக்கு

நீலகிரி மாவட்டத்தின் கூடலூரை எடுத்துக்கொள்வோம். ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேல். ஊட்டி 2,240 மீட்டர். நடுவட்டம், பைக்காரா வழியாக 50 கிலோமீட்டர் மலைச்சாலை, ஆம்புலன்ஸ் போனாலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஊட்டியில் இடமில்லை என்றால் குன்னூர், மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போக வேண்டும், அதற்கு இன்னும் ஏறக்குறைய 3 மணி நேரம்.

சிறிய பி டைப் சிலிண்டர் முழுதாக நிறைந்திருந்தால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால் இரண்டரை மணி நேரம் வரும். நான்-ரீப்ரீதர் மாஸ்க்கில் 15 லிட்டர் போனால் 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதாவது பைக்காரா தாண்டி ஊட்டிக்குள் நுழைகிற நேரத்தில். கோவை வரை 5 மணி நேரம், 15 லிட்டர் வீதம் என்றால் 4,500 லிட்டர், மூன்று சிலிண்டர். வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தால் அதுவும் போதாது. பயண நேரத்தைப் போல இரு மடங்குக்கு ஆக்சிஜன் இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

சிலிண்டர் பாதி தீர்ந்திருந்தால் எப்படிக் கணக்கிடுவது? பி டைப்பின் உள்கொள்ளளவு 10 லிட்டர். மீட்டர் 150 காட்டினால் 1,500 லிட்டர், 80 காட்டினால் 800. மீட்டர் எண்ணைப் பத்தால் பெருக்கி, நிமிடத்துக்குப் போகும் லிட்டரால் வகுத்தால் மீதி நிமிடங்கள் கிடைத்துவிடும். இதை வார்டு சுவரில் எழுதி ஒட்டுங்கள். 108 வண்டியில் எந்த சிலிண்டர், எத்தனை இருக்கிறது என்று பைலட்டிடம் கேட்டுவிட்டு ரெஃபரல் சீட்டை எழுதுங்கள்.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கூடலூரில் தத்தளித்துக்கொண்டு ஆக்சிமீட்டரில் 91, 92 என்று நிற்கும் நோயாளி, மேலே ஏற ஏற அதே ஆக்சிஜன் அளவில் இன்னும் இறங்குவார். மேல் சிகிச்சைக்கு என்று அனுப்புகிறோம், பாதை அவருடைய நுரையீரலுக்கு எதிராக ஏறுகிறது. இந்தப் பகுதியில் பலர் வழக்கமாகக் கேரளப் பக்கம் இறங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஊரடங்கில் எல்லைச் சோதனைச் சாவடியும் சேர்ந்துகொண்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இதையெல்லாம் மையத்தில் இருக்கும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கோவையில் திரவ ஆக்சிஜன் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு "ஹை ஃப்ளோ போடுங்க" என்று சொல்வது எளிது. நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் ஹை ஃப்ளோ கருவி, 7,000 லிட்டர் கொள்ளும் ஜம்போ சிலிண்டர் ஒன்றை 2 மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். ஆறு ஜம்போ வைத்திருக்கும் கிளையில் அந்த ஒரு நோயாளிக்காக மற்ற எட்டுப் பேரின் மாஸ்க் விடியும் முன் நின்றுபோகும். ஆகவே கிளையின் ஆக்சிஜன் கையிருப்பு, அடுத்த லோடு வரும் நேரம், இரவில் எத்தனை செவிலியர், ஏ.பி.ஜி. எடுக்க முடியுமா, எக்ஸ்-ரே டெக்னீஷியன் எத்தனை மணி வரை இருப்பார் என்பதை ஒரே தாளில் எழுதி மையத்தின் மேசையில் ஒட்டிவைக்க வேண்டும். தினமும் காலையில் கையிருப்பு எண்ணை மட்டும் திருத்தினால் போதும்.

யார் எடுப்பார்கள்?

அழைப்பை யார் எடுப்பார்கள் என்பதைக் கருவி வாங்குவதற்கு முன்பே தீர்மானியுங்கள். தலைமை மயக்கவியல் நிபுணரின் சொந்த எண்ணைக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அவர் கையுறையோடு ஒரு நோயாளிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி எடுப்பார்? பணி மேசைக்கென்று ஒரே எண், ஒரே கைபேசி இருக்கட்டும். ஷிப்ட் மாறும்போது சாவிக்கொத்தோடு அந்தக் கைபேசியும் கை மாறட்டும். அன்றைய ஷிப்டில் அதற்குப் பொறுப்பான மருத்துவரின் பெயர் டியூட்டி ரோஸ்டரில் இருக்க வேண்டும், அவருக்கு அந்த நேரத்தில் வார்டு வேலை தரக்கூடாது. ஆள் பற்றாக்குறையில் இது ஆடம்பரம் என்று கண்காணிப்பாளர் சொல்வார். ஓர் இரவில் அந்த மருத்துவர் தடுக்கும் தேவையற்ற ரெஃபரல்களின் எண்ணிக்கையை ஒரு வாரம் குறித்துவைத்துக் காட்டுங்கள்.

வாட்ஸ்அப் குழு இதற்கு மாற்றல்ல. இருநூறு மருத்துவர்கள் இருக்கும் குழுவில் இரவு 2 மணிக்கு ஒரு எக்ஸ்-ரே போட்டால், எல்லோரும் வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று நினைப்பார்கள். காலையில் நாலு கும்பிடு எமோஜி வந்திருக்கும்.

மூன்று விதமான அழைப்புகளையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பக்கூடாது. முதலாவது அவசர அழைப்பு, எந்த நேரமும் வரலாம். இரண்டாவது ரவுண்ட்ஸ். காலை 11, மாலை 7 என்று நேரம் வைத்து, கிளையில் ஆக்சிஜனில் இருக்கும் எல்லோரையும் படுக்கை வாரியாகப் பார்ப்பது. ஒருவர் மோசமாவது பெரும்பாலும் இதில்தான் முதலில் தெரியும், அதனால் அவசர அழைப்புகள் குறையும். மூன்றாவது வகுப்பு. 2020 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் தொடங்கிய இ-ஐ.சி.யூ. கலந்துரையாடல் இந்த ரகம். நாடு முழுவதும் உள்ள மருத்துவர்கள் வாரம் இரண்டு நாள் இணைந்து, தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிக் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, 2003இல், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய 'எக்கோ' திட்டம் இதே முறையில் வளர்ந்தது. நிபுணரிடம் நோயாளியை அனுப்பாமல், நிபுணரின் அறிவை ஊர் மருத்துவருக்கு அனுப்புவது அதன் அடிப்படை. மிக நல்ல முறை. ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்பு வியாழக்கிழமை இரவுக்கு உதவாது. வகுப்பு நடத்தியதையே இணைப்பு கொடுத்ததாகக் கணக்குக் காட்டும் மாவட்டங்கள் இருக்கின்றன.

வியட்நாமில் மாகாண, மாவட்ட மருத்துவமனைகளைப் பெரிய நகர மருத்துவமனைகளோடு இணைத்து, 2020 செப்டம்பர் 25 அன்று ஆயிரம் தொலைமருத்துவ மையங்களைத் தொடங்கிவைத்தார்கள். அந்த எண்ணைவிட எனக்குச் சுவாரசியமானது அதற்கு முன் நடந்தது. ஹோ சி மின் நகரில் எக்மோ கருவியில் 50 நாளுக்கு மேல் இருந்த ஒரு பிரிட்டிஷ் விமானிக்காக, நாட்டின் பல ஊர் நிபுணர்கள் இணையவழியில் கூடிக் கூடி முடிவெடுத்தார்கள். ஜூலையில் அவர் தேறி ஊர் திரும்பினார். ஒரு நோயாளியை முன்வைத்துத் திரும்பத் திரும்பப் பேசுகிற பழக்கம் முதலில் வந்திருந்தது.

அழைப்பில் என்ன பேசுவது

கீழே இருப்பது மாதிரிக்காக எழுதியது. பயிற்சியில் இரண்டு பேரை வைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

"வணக்கம் மேடம், கூடலூர் ஜி.எச். டியூட்டி டாக்டர் பேசுறேன். நாலாம் பெட் பேஷன்ட்டை வச்சுக்கறதா அனுப்பறதான்னு கேக்கணும். ஆண், 54 வயசு, காய்ச்சல் வந்து எட்டாவது நாள். ரூம் ஏர்ல 84. என்.ஆர்.எம். 12 லிட்டர்ல 93. மூச்சு நிமிஷத்துக்கு 28. பி.பி. 130க்கு 80. சுகர் 310. நல்லா பேசறார்."

"12 லிட்டர் எப்ப இருந்து?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு சாதா மாஸ்க்ல 6 லிட்டர் போதுமா இருந்துச்சு மேடம். ஒன்பது மணிக்கு மாத்தினேன்."

"குப்புறப் படுக்க வச்சீங்களா?"

"பத்து நிமிஷம் படுத்தார். முடியலன்னு திரும்பிட்டார்."

"நெஞ்சுக்குக் கீழ ஒரு தலகாணி, இடுப்புக்குக் கீழ ஒண்ணு வைங்க. வீடியோ போடுங்க, நான் அவர்கிட்ட பேசறேன். டெக்ஸா?"

"6 மில்லிகிராம், இன்னிக்கு ரெண்டாவது நாள்."

"சரி. சுகருக்கு இன்சுலின் ஆரம்பிங்க. ஒரு மணிக்கு நானே கூப்பிடறேன். மூச்சு 30 தாண்டினாலோ, 15 லிட்டர்லயும் 90க்குக் கீழ இறங்கினாலோ காத்திருக்காம உடனே கூப்பிடுங்க, அனுப்பிடலாம். இங்க ஒரு பெட் பிடிச்சு வைக்கறேன். வண்டில எத்தனை சிலிண்டர்னு இப்பவே கேட்டு வைங்க."

இதில் கவனிக்க வேண்டியவை சில. கேள்வி முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. கதை சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்விக்கு வந்தால், கேட்பவர் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருப்பார். மைய மருத்துவர் 93 என்ற எண்ணை நம்பி நிம்மதியாகிவிடவில்லை. "எப்ப இருந்து" என்று கேட்டதும்தான், மூன்று மணி நேரத்தில் ஆக்சிஜன் தேவை இரட்டிப்பான செய்தி வெளியே வந்தது. அந்த உயர்வுதான் இந்த நோயாளியின் ஆபத்து. வைத்துக்கொள்வதற்கான நிபந்தனை எண்ணாகவும் நேரமாகவும் சொல்லப்பட்டது. "பார்த்துக்கோங்க, மோசமானா சொல்லுங்க" என்று முடியும் அழைப்பு ஆலோசனையே அல்ல. திரும்பக் கூப்பிடும் பொறுப்பை மையம் எடுத்துக்கொண்டது. இளம் மருத்துவர்கள் இரண்டாவது முறை தொந்தரவு செய்யத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது.

டெக்ஸாமெத்தசோன் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம் அது இறப்பைக் குறைத்தது என்று. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. ஆனாலும் இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய்க் கருப்புப் பூஞ்சை வந்து நின்றது. ரவுண்ட்ஸ் அழைப்பில் சுகர் எண்ணைக் கேட்காமல் அடுத்த படுக்கைக்குப் போகாதீர்கள்.

ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தவறு வரும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊருக்கு இது பொருந்தாமல் இருக்குமா? எண் 93, ஆனால் ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள். மூச்சை எண்ணும்போது முழு நிமிடம் எண்ணுங்கள். எல்லா சார்ட்டிலும் 20, 20, 20 என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கருவிகள்

குறைவாகத்தான் வேண்டும். 2000 மார்ச்சில் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராம மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்தபோது, தொடங்கிவைத்தவர் அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன். அன்று செயற்கைக்கோள் தேவைப்பட்ட வேலைக்கு இன்று நல்ல கேமரா உள்ள ஒரு கைபேசி போதும். இரண்டு வெவ்வேறு நிறுவன சிம், பவர் பேங்க், சலைன் ஸ்டாண்டில் கைபேசியை மாட்ட ஒரு கிளிப், கிருமிநாசினியால் துடைக்கத் தெளிவான பிளாஸ்டிக் உறை. மலைப்பகுதியில் மழைக்காலத்தில் சிக்னல் போகும், ஆகவே ஒரு தரைவழித் தொலைபேசியையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான முடிவுகளைக் குரலிலேயே எடுத்துவிடலாம். வீடியோ தேவைப்படுவது நோயாளி மூச்சு விடும் விதத்தைப் பார்க்கவும், வென்டிலேட்டர் திரையைக் காட்டவும், மேலே பார்த்தது போல நோயாளியிடமே பேசவும்தான். கழுத்தும் விலாவும் தெரிய, சட்டையை விலக்கி, கைபேசியை அசைக்காமல் ஒரு நிமிடம் பிடியுங்கள்.

எக்ஸ்-ரே படம் எடுப்பதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தில் பின்னால் இருக்கும் தென்னை மரம்தான் தெரியும். வியூ பாக்ஸில் வைத்து, அறை விளக்கை அணைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், வலது பக்க 'ஆர்' குறி தெரியும்படி நேராக எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். பிலிமில் இருக்கும் நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு, உள்நோயாளி எண்ணை மட்டும் எழுதுங்கள்.

யார் பொறுப்பு?

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், இந்திய அரசு தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருத்துவர் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதை அது வெளிப்படையாக ஏற்கிறது. ஆனால் நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரே சிகிச்சைக்குப் பொறுப்பு, மருந்துச்சீட்டும் அவருடையது. இதைக் கேட்டதும் கிளை மருத்துவர்கள் சோர்ந்துபோவார்கள். சோர்வதற்கு ஒன்றுமில்லை. யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், அவருடைய பதிவு எண் என்ன என்பது கேஸ் ஷீட்டில் இருந்தால், தனியாக எடுத்த முடிவைவிட அது வலுவானது. மையமும் தன் பதிவேட்டில் அதையே எழுத வேண்டும். இரண்டு பதிவும் ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

நோயாளி தானே அழைத்தால் சம்மதம் கொடுத்ததாகவே கொள்ளலாம். அழைப்பை மருத்துவர் தொடங்கினால் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி நோயாளிகளிடம், அவர்கள் மொழி தெரிந்த செவிலியரையோ சுகாதாரப் பணியாளரையோ வைத்துக் கேளுங்கள். கைபேசியில் யார் தெரிகிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று சொல்லாமல் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினால், அந்தக் குடும்பம் அடுத்த முறை மருத்துவமனைக்கே வராது.

கீழே வரும் வண்டி

எல்லோரும் மறந்துவிடுவது இதை. மையத்தில் ஐ.சி.யூ. கண்டம் தாண்டி, இப்போது 2 லிட்டர் ஆக்சிஜனில் பத்து நாள் படுத்திருப்பவரைக் கிளைக்குத் திருப்பி அனுப்பலாம். மாலை ரவுண்ட்ஸில் அதே மைய மருத்துவர் அவரைத் திரையில் பார்ப்பார் என்று சொன்னால் குடும்பமும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கிளையில் ஒரு 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் இருந்தால் போதும், சிலிண்டரே வேண்டாம். மையத்தில் ஒரு படுக்கை காலியாகிறது. ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் வெறுமனே திரும்புவதற்குப் பதில் ஒருவரைக் கொண்டுபோகிறது. ரெஃபரல் பதிவேட்டில் 'மேலே' என்று ஒரு பத்தி இருப்பது போல 'கீழே' என்றும் ஒரு பத்தி கிழித்துவையுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பத்தி காலியாக இருந்தால், இணைப்பு ஒருவழிப் பாதையாகத்தான் ஓடுகிறது.

அதே கைபேசியில் நோயாளி வீட்டாரோடு பேசவும் தினமும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். மருத்துவ முடிவுகளுக்கான நேரத்தோடு அது மோத வேண்டாம்.

தொற்று இல்லாத மாதங்களில் இந்த எண்ணை உயிரோடு வைத்திருக்க ஒரு வழி உண்டு. பாம்புக்கடி, மாரடைப்பு, பிரசவச் சிக்கல் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துங்கள். மாதத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், இரவு 2 மணிக்குக் கிளையிலிருந்து மைய எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். எத்தனையாவது மணியில் எடுத்தார்கள், எடுத்தவர் மருத்துவரா, மேசையில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் ஆக்சிஜன் கையிருப்பு எந்தத் தேதியுடையது என்று கேட்டு எழுதுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், இணை இயக்குநரின் அடுத்த மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் முதல் பொருளாக அதையே வையுங்கள்.